இரட்டைக் கோடு

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினால் எனக்குப் பயம் வந்துவிடும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எந்தப் பள்ளிக்கூட வாசலானாலும், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து நிற்பது போலவே இருக்கும். அன்றைக்கு டீச்சர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னதே எனக்குச் சரியாகப் படவில்லை. என் பெரிய மகளைப் பக்கத்தில் நிறுத்தி, அவள் சாக்ஸைக் கீழே இறக்கினார். சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்காலுக்குக் கீழே நாலைந்து, முழங்கைக்கு மேலே இரண்டு. நீலமும் பச்சையுமாகக் கன்றிய திட்டுகள்.

"வீட்டில் யார் அடிக்கிறது?" என்று இந்தியில் கேட்டார்.

எனக்கு இந்தி வராமல் இல்லை. கல்யாணமாகிப் புனேவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. காய்காரனோடு சண்டை போடும் அளவுக்கு வரும். ஆனால் பயம் வந்துவிட்டால் எனக்கு எந்த மொழியும் வராது. தலையை மட்டும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"மம்மி அடிக்க மாட்டா மிஸ். சத்தம் மட்டும்தான் போடுவா" என்று மகளே பதில் சொன்னாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. பார்க்கிறவர்கள் ஐந்து என்பார்கள்.

அந்தத் திட்டுகளை நான் பார்க்காமல் இருந்தேனா? பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எனக்கு அதுதானே வேலை. பால் பொங்கினால் கவலை, பொங்காவிட்டால் திரிந்துவிடுமோ என்று கவலை. ஆனால் எல்லாவற்றுக்கும் பதறுகிறவள் பதறினால் யார் காதில் வாங்குவார்கள்? என் வீட்டுக்காரர் லோஹேகாவ் விமானப் படைத் தளத்தில் எலெக்ட்ரீஷியன். காலையில் விஷ்ராந்த்வாடி வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்புகிறவரிடம் நான் திட்டுகளைக் காட்டியபோது, "விளையாடுத பிள்ள, எங்கயாச்சும் இடிச்சிருப்பா. உனக்குக் கவலைப்பட ஒண்ணு வேணும்ட்டி. ஒண்ணுமில்லேன்னா அதுக்கும் கவலைப்படுவ" என்று பெடலை மிதித்துவிட்டார்.

டீச்சர் கேட்ட அன்று சாயந்திரம் அவர் மிதித்தது ஆஸ்பத்திரிக்கு. பிள்ளை முன்னால் கம்பியில், நான் பின்னால், சின்னவள் என் மடியில்.

ரத்தத்தைச் சோதித்தார்கள். மறுபடி சோதித்தார்கள். சிவப்பு குறைவு, வெள்ளை குறைவு, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு மிகவும் குறைவு. மூன்றும் ஒன்றாகக் குறைந்தால் அவை உற்பத்தியாகிற இடத்தில்தான் கோளாறு என்று பெரிய டாக்டரிடம் அனுப்பினார்கள். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்தார்கள். நான் வெளியே நின்று அவள் கத்தியதை எண்ணினேன். ஏழு முறை. எட்டாவது வராதபோதுதான் எனக்கு மூச்சே நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால் நர்ஸ் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள்.

பெரிய டாக்டர் வயதானவர், நல்லவர். எலும்புக்குள்ளே ஒரு தொழிற்சாலை இருக்கிறது, அதில் ஆட்கள் வேலைக்கு வருவதில்லை என்று எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அது சில பேருக்கு ஏதோ காய்ச்சலுக்குப் பிறகு வரும், சில பேருக்குப் பிறவியிலேயே இருக்கும். இது எது என்று பார்க்க வேண்டும். பேனாவை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். என்ன மருந்து சாப்பிட்டாள்? காமாலை வந்ததா? வீட்டில் பூச்சி மருந்து உண்டா? பிறகு அதே குரலில், "கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் இருவரும் சொந்தமா?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "நஹி."

அவர் எழுதிக்கொண்டார்.

*

என் வீட்டுக்காரர் என் தாய்மாமன். என் அம்மாவின் ஒரே தம்பி. நான் பிறந்த அன்றைக்கே பேசி வைத்தது. பத்தொன்பது வயதில் கழுத்தை நீட்டினேன். அதில் எனக்கோ அவருக்கோ எங்கள் ஊரில் யாருக்குமோ சொல்ல ஒன்றுமில்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் அதுவரை யாரும் என்னை இதற்காகத் திரும்பிப் பார்த்ததும் இல்லை.

புனே வந்த முதல் மாதம், பக்கத்து வீட்டு மராத்தி அம்மா என்னோடு தண்ணீர்க் குழாயடியில் நின்றார். அவரை நாங்கள் காக்கு என்று கூப்பிடுவோம். அந்தப் பக்கத்தில் சித்தியைக் கூப்பிடுவது போல. எனக்கு அப்போது அரைகுறை இந்தி. புருஷனை உனக்கு எப்படித் தெரியும், யார் பார்த்த வரன் என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை, அவர் என் அம்மாவின் தம்பி என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

காக்கு குடத்தைக் கீழே வைத்தார். "சொந்த மாமாவா? அம்மாகூடப் பிறந்தவரா?"

"ஆமா."

"ஷீ! அது அப்பா மாதிரி இல்லையா?" என்று சிரித்துவிட்டார். வரிசையில் நின்ற மற்ற பெண்களிடம் மராத்தியில் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். ஒருத்தி என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். "மாமனார் வீடும் தாத்தா வீடும் ஒண்ணுதான், பண்டிகைக்கு ஒரே டிக்கெட்" என்று இன்னொருத்தி சொல்ல, மறுபடி சிரிப்பு. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அன்றைக்கு நான் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. வெளியே போனால் அவரை மாமா என்றுகூடக் கூப்பிட மாட்டேன். புதிதாக யார் கேட்டாலும், "சொந்தமா?" என்பதற்குள் "இல்லை" வந்துவிடும். பொய் சொல்கிறேன் என்றே தோன்றாது. கொசுவை அடிக்கிற கை மாதிரி தானாக வரும்.

டாக்டரிடமும் அப்படித்தான் வந்தது.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார். "இல்லேன்னுட்டியே?"

"அதுக்கும் இதுக்கும் என்ன மாமா இருக்கு? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல போன வருஷம்? அதுலதான் வந்திருக்கும்."

அவர் கொஞ்ச நேரம் சைக்கிள் பூட்டையே திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, விடு" என்றார்.

இன்னொன்றையும் நான் சொல்லவில்லை. பெரியவளுக்கு இடது கட்டைவிரல் சின்னது. பிறக்கும்போதே அப்படி, கொஞ்சம் தொங்கினாற்போல. அதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அவள் வயிற்றில் இருக்கும்போது, கிரகணத்தன்று, தெரியாமல் கத்தரிக்காய் நறுக்கிவிட்டேன். ஊரில் அம்மாவுக்கு அது தெரிந்தால் என்னைத் தின்றுவிடுவாள் என்று யாரிடமும் சொல்லாமல் எட்டு வருஷம் மனதில் வைத்திருந்தேன். குற்றம் என்னுடையது என்று முடிவான பிறகு டாக்டரிடம் காட்ட என்ன இருக்கிறது? அவள் முதுகில் பால் விடாத காபி நிறத்தில் இரண்டு மூன்று மச்சத் திட்டுகள். அது அழகுக்கு என்று வைத்துக்கொண்டேன்.

டாக்டர் விரலைப் பார்த்தார்தான். "பிறவியா?" என்றார். ஆமாம் என்றேன். கையை விட்டுவிட்டார். காகிதத்தில் 'சொந்தம் இல்லை' என்று எழுதியிருந்தது. பிறகு வந்த ஒவ்வொருவரும் முதலில் அந்தக் காகிதத்தைத்தான் பார்த்தார்கள், பிறகுதான் பிள்ளையை.

*

அடுத்து ஒன்றரை வருஷம். இடையில் வந்த கோளாறு என்று வைத்துக்கொண்டு அதற்கான மருந்து கொடுத்தார்கள். எண்ணெய் மாதிரி, நாற்றம் தாங்காது. பாலில் கலந்தால் பாலைக் குடிக்க மாட்டாள், ஜூஸில் கலந்தால் ஜூஸை. ஈறு வீங்கியது. நெற்றியில் பூனைமுடி வளர்ந்தது. ரத்தம் ஏறவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் வந்தால் அரை மணி நேரம் நிற்காது. தலையணை உறைகளை நான் வெள்ளையில் வாங்குவதை நிறுத்திவிட்டேன். பிறகு தெரிந்தது, சிவப்புத் துணியில் எவ்வளவு போயிற்று என்று பார்க்க முடியாது. மறுபடி வெள்ளைக்கே வந்தேன்.

ஒரு தடவை ரத்தம் அவசரமாக வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் தன்னுடையதைக் கொடுத்தார். அப்பா ரத்தம் பிள்ளைக்கு, இதைவிட என்ன வேண்டும் என்று எனக்குக் கண்ணீர் வந்தது. அதுவும் செய்திருக்கக் கூடாததாம். பின்னால் மஜ்ஜை மாற்றுகிற எண்ணம் இருந்தால் வீட்டு ஆட்களின் ரத்தத்தை ஏற்றக் கூடாது, உடம்பு அதற்கு எதிராகப் பழகிவிடும் என்று பிறகுதான் ஒருவர் சொன்னார்.

கடைசியில் மஜ்ஜை மாற்றுவது ஒன்றுதான் வழி என்று ஆயிற்று. சின்னவளுக்கு ஐந்து வயது. அவள் ரத்தம் அக்காவோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஆறு அடையாளங்களில் ஆறும் பொருந்துகிறது என்று வந்த அன்று, நான் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் பேடா கொடுத்தேன். தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. தீபாவளி கழிந்து வரச் சொன்னார்கள். அதற்கு முன்னால் புனே டாக்டர் ஒரு நீளமான கடிதம் எழுதி அனுப்ப வேண்டும். அதற்குள் வயதான டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். எங்கள் ஃபைல் ஒரு லேடி டாக்டரின் மேஜைக்குப் போயிற்று.

அவர் சின்ன வயசு, மராத்திக்காரர். ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் பிள்ளையைப் பார்த்தார். சுவரோடு நிறுத்தி உயரம் பார்த்தார். முதுகைப் பார்த்தார். இடது கட்டைவிரலைத் தன் இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தார்.

"காகிதத்தில் சொந்தம் இல்லை என்று இருக்கிறது" என்றார். "இந்த விரல் வேறு என்னவோ சொல்கிறது. நான் முதலிலிருந்து கேட்கிறேன்."

ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று சொல்லிக்கொண்டே வரைந்தார். பெரியவள் பெஞ்சில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களோடு பிறந்தவர்கள்?"

"ஒரு அக்கா."

சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம்.

"அக்காவுக்குக் குழந்தைகள்?"

"ஒரே பொண்ணு."

அந்த வட்டத்துக்குக் கீழே இன்னொரு வட்டம்.

"அந்தப் பெண்ணுக்கு ஏதாவது உண்டா? ரத்தக் குறைவு, வளர்த்தி இல்லாமல், விரல் சின்னதாக?"

"இல்ல மேடம். நல்லா இருக்கா."

"கல்யாணம் ஆயிற்றா?"

"ஆச்சு."

"குழந்தைகள்?"

அவர் மேலே ஃபேனைப் பார்த்தார். கஷ்டம் வந்தால் அவர் ஃபேனைத்தான் பார்ப்பார், ரிப்பேர் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. "ரெண்டு பொண்ணு."

"இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்களா?"

"சின்னவ நல்லா இருக்கா."

"பெரியவள்?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். ஒரு சொல்லில் என்றால் என்னைப் பின்பற்றிச் சும்மா இருந்துவிடுவார். இப்படி ஒவ்வொரு படியாக இறக்கிக் கேட்டால் அவருக்கு வழி இல்லை.

"பெரியவ இங்கதான் மேடம்" என்றார். "பெஞ்சுல உக்காந்திருக்கா."

டாக்டரின் பேனா நின்றது. அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, அந்தச் சதுரத்திலிருந்து கீழே இருந்த வட்டத்துக்கு ஒரு கோடு இழுத்தார். அதற்குப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல, இரண்டாவது கோடு. சொந்தத்தில் கட்டியதற்கு அதுதான் அடையாளமாம்.

"இல்லை என்று யார் சொன்னது?"

"நான்தான்" என்றேன்.

"ஏன்?"

சிரிப்பார்கள் என்று, என எப்படிச் சொல்வது? ஒரு பிள்ளையின் உயிரை வைத்துக்கொண்டு, குழாயடியில் நாலு பேர் சிரித்தார்கள் என்று எப்படிச் சொல்வது? கிரகணம், கத்தரிக்காய் என்று ஏதோ உளறினேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"கத்தரிக்காயால் விரல் போகாது" என்றார். "இது பிறவியிலேயே வருகிற ஒரு நோயாக இருக்கலாம். உங்கள் இரண்டு பேரிடமும் ஒரே பழுது மறைவாக இருந்து, இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்திருக்கும். அந்நியர்களுக்கும் வரும். சொந்தத்தில் சேருவதற்கு வாய்ப்பு கூடுதல். அவ்வளவுதான். கல்யாணம் செய்தது குற்றம் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும்."

"தெரிஞ்சா என்ன வித்தியாசம் மேடம்?" என்று அவர் கேட்டார்.

"மஜ்ஜை மாற்றும்போது முதலில் பழைய மஜ்ஜையை அழிக்க மருந்து கொடுப்பார்கள். இந்த நோய் இருக்கிற பிள்ளைக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கிற அளவைக் கொடுத்தால் உடம்பு தாங்காது. அந்த மருந்திலேயே போய்விடும். ரொம்பக் குறைவாகக் கொடுக்க வேண்டும்." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னொன்று. தங்கச்சிக்கும் இது இருக்கலாம். வெளியே தெரியாமலே. இருந்தால் அவள் மஜ்ஜையை எடுக்க முடியாது."

தீபாவளிக்கு ஏழு வாரம் இருந்தது.

*

அந்தச் சோதனை அப்போது புனேயில் இல்லை. மும்பையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். ரத்தத்தை வளர்த்து, அதில் ஒரு மருந்தை விட்டு, செல்லுக்குள்ளே இருக்கிற நூல்கள் உடைகிறதா என்று எண்ணிப் பார்ப்பார்களாம். இரண்டு பிள்ளைகளுக்கும் விடிகாலையில் ரத்தம் எடுத்தார்கள். பச்சை மூடி போட்ட இரண்டு குழாய்கள். ஐஸில் வைக்காதே, வெயிலில் வைக்காதே, குலுக்காதே, சாயந்திரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர் என்றார்கள். பிள்ளைகளைக் காக்குவிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் காலை வண்டி ஏறினோம். அவர் ஒருவரே போதும் என்றார். நான் இல்லாமல் அந்தக் குழாய்களை அனுப்பினால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

டர்க்கி டவலில் சுற்றி, காலி டிபன் டப்பாவில் வைத்து, டப்பாவை மடியில் வைத்திருந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தேன். எதிரே இருந்த பெரியவர், "பஹன்ஜி, அத்தனை தடவை திறக்கிறீர்கள், ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையே" என்றார். "உள்ள இட்லி இருக்கான்னு எண்ணிப் பாக்கா" என்று என் வீட்டுக்காரர் தமிழில் முணுமுணுத்தார்.

லோணாவளா தாண்டி மலை இறக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் எங்கோ மண் சரிந்திருக்கிறதாம். மழை. ஜன்னலுக்கு வெளியே அருவி மாதிரி தண்ணீர், பாறை, புகை போல மேகம். மற்றவர்கள் எல்லாம் ஆஹா என்று பார்த்தார்கள். அந்தப் பச்சை இன்றுவரை எனக்கு அழகாகத் தெரிந்ததில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை.

"குளிருதே மாமா. ரத்தம் விறைச்சிராது?"

"ஐஸ்லதான வைக்கக் கூடாதுன்னாங்க? இது மழ."

"ஒரே டவல்ல சுத்திட்டேன். ரெண்டும் மாறிப்போயிட்டா?"

"பேரு ஒட்டியிருக்குல்லா?"

"நனைஞ்சு உரிஞ்சுட்டா?"

அவர் அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்தது அப்போது வந்தது. "இவ்வளவு யோசிக்கிறவ, அன்னைக்கு டாக்டர்கிட்ட ஏன் யோசிக்கல? பட்டுனு நஹின்ன?"

"நீங்க ஏன் சும்மா இருந்தீங்க? வாயில என்ன, கொழுக்கட்டையா? புருஷன்னா ஒரு வார்த்த திருத்தக் கூடாதா?"

"உனக்கு வெக்கமா இருக்கும்னு இருந்தேன்."

"எனக்கா? உங்களுக்கு?"

"எனக்கென்ன வெக்கம்? எங்க அக்கா மகள எனக்குக் கட்டி வச்சாங்க. நான் என்ன களவாண்டா வந்தேன்?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஒர்க்ஷாப்ல நானும் யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து டப்பாவை என்னிடமிருந்து வாங்கித் தன் சட்டைக்கு உள்ளே வைத்துக்கொண்டார்.

ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேகால். பூட்டுவதற்குக் கையில் சாவியோடு ஒருவர் நின்றிருந்தார். நாங்கள் நனைந்து நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார். குழாயை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "உறையவில்லை" என்றார். அதற்குப் பிறகும் நான் காலி டப்பாவை ஒரு தடவை திறந்து பார்த்தேன்.

*

முடிவுக்கு இரண்டு வாரத்துக்கு மேலாகும் என்றார்கள். அந்த நாட்களில் சின்னவளை நான் என்ன பாடு படுத்தினேன் என்று அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். காலையில் எழுந்ததும் கதவு நிலையில் நிறுத்தி உயரக்கோடு போடுவேன். குளிக்க வைக்கும்போது முதுகில் திட்டு இருக்கிறதா என்று ஈரத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பேன். சப்பாத்தி மாவில் அவளுடைய இரண்டு கட்டைவிரல்களையும் அழுத்தச் சொல்லி, குழியைத் தீக்குச்சியால் அளப்பேன். அவளுக்கு அது விளையாட்டு. "பத்து விரலையும் அழுத்தட்டா அம்மா" என்பாள். பெரியவள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தானும் வந்து இடது கட்டைவிரலை மாவில் அழுத்தினாள். குழி சின்னதாக விழுந்தது. "என்னுது பட்டாணி" என்றாள். அன்றைக்குச் சப்பாத்தி செய்யவில்லை நான்.

லேடி டாக்டர் வயிற்றை ஸ்கேன் செய்தார். பெரியவளுக்கு ஒரே ஒரு சிறுநீரகம்தான் இருந்தது. இதுவும் அந்த நோயோடு சேர்ந்து வருவதாம். ஒன்றரை வருஷம் கொடுத்த எண்ணெய் மருந்து அந்த ஒன்றைத்தான் வருத்தியிருக்கிறது. உடனே நிறுத்தினார். அது என் 'நஹி' செய்த வேலை. எத்தனை பேர் ஆறுதல் சொன்னாலும் அதில் மாற்றமில்லை.

நடுவில் மறுபடி தட்டணு இறங்கியது. வீட்டு ஆட்கள் கூடாது. வேறு யாரைக் கேட்பது? காக்கு தன் பையனையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன், இந்த நோய் எங்கள் கல்யாணத்தின் வழியாக வந்திருக்கும் என்று. காக்குவுக்குக் குழாயடியில் சிரித்ததே ஞாபகம் இல்லை. "நான் சிரித்தேனா? எப்போது?" என்றார். பத்து வருஷம் நான் சுமந்த சிரிப்பு அவரிடம் ஒரு நாள்கூட இருந்திருக்கவில்லை.

பதினேழாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். பெரியவளுக்கு அதே நோய்தான். நூல்கள் எல்லாம் உடைந்து கிடக்கின்றன. சின்னவளுக்கு இல்லை.

என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கும்பிட வரவில்லை. "மேடம், ரெண்டு குழாயும் மாறியிருந்தா?" என்றேன்.

"ஏட்டி!" என்றார் அவர்.

டாக்டர் அப்போதுதான் முதல் தடவை சிரித்தார். "மாறியிருந்தால் பெரியவளுக்கு நோய் இல்லை என்று ஆகும். விரல், சிறுநீரகம், ரத்தம், இதையெல்லாம் வைத்துக்கொண்டு அப்படி இருக்க முடியுமா? யோசித்துப் பாருங்கள்."

யோசித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரைக்கும் யோசித்தேன். கணக்குச் சரியாகத்தான் வந்தது. எட்டாம் வகுப்புக் கணக்கு. அன்றைக்கு ராத்திரி ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

டாக்டர் தெற்கே எழுதிய கடிதத்தின் கடைசியில் அந்தச் சதுரமும் வட்டங்களும் இரட்டைக் கோடும் இருந்தன. அங்கே போனதும் அந்த ஆஸ்பத்திரி டாக்டர் முதலில் அதைத்தான் பார்த்தார். மருந்தைக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். குறைத்துக் கொடுத்ததற்கே அவள் வாயெல்லாம் புண்ணாகி, பதினோரு நாள் எச்சிலை விழுங்க முடியாமல் கிடந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, முழு அளவு கொடுத்திருந்தால் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். சின்னவளுக்கு இடுப்பில் ஊசிக் குத்து. "என் எலும்புக்கு எனக்கு என்ன தருவ?" என்று அக்காவிடம் கண்ணாடி வழியாகக் கேட்டாள். ஸ்கெட்ச் பேனா டப்பா முழுவதும் என்று பேரம் முடிந்தது. இருபத்து மூன்றாம் நாள் வெள்ளை அணுக்கள் தலைகாட்டின.

ஊரில் என் அம்மாவிடம் ரத்தத்தில் கோளாறு, சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். தம்பிக்கு மகளைக் கொடுத்தவள் அவள். தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். அது இன்னொரு 'இல்லை'. அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

*

மஜ்ஜை மாறினால் ரத்தம் சரியாகும், நோய் போகாது. உடம்பின் மற்ற செல்கள் பழையவைதானே. வாயில், தொண்டையில் கட்டி வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருப்பதற்கு என்னைவிடச் சரியான ஆள் உண்டா? சனிக்கிழமைதோறும் டார்ச் அடித்து அவள் வாயைப் பார்ப்பேன். "பஸ் கரோ, போதும் அம்மா, காலேஜ் போற பொண்ணு நான்" என்பாள். திறக்கவும் செய்வாள்.

சில வருஷங்களுக்கு முன், நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. லேடி டாக்டர் வெளிநாடு போய்விட்டிருந்தார். புனேயிலேயே கோந்த்வா பக்கம் வாய் நோய் பார்க்கிற புது டாக்டர் ஒருவரிடம் போனோம். ஃபைல் இப்போது மூன்று கட்டு. அவளே மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். முதல் பக்கத்தில் நின்றாள். நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் அந்த வரி எனக்குத் தெரியும். அது எழுதப்பட்ட இடம் தெரியும்.

"அம்மா, இதுல நோன்னு இருக்கு."

"ஆமா."

"யாருமே இத மாத்தலையா? புது டாக்டர் ஃபர்ஸ்ட் பேஜ்தானே பாப்பாங்க?"

"மாத்தல."

"யார் சொன்னா நோன்னு?"

"நான்தான்."

"ஏன்?"

லேடி டாக்டர் கேட்ட அதே கேள்வி. அன்றைக்குக் கத்தரிக்காயைச் சொன்னேன். "சிரிப்பாங்கன்னு பயந்தேன்டி" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தடுக்கும், சொல்லைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். "சிரிச்சாங்களா?" என்றாள்.

"நாலு பேர். குழாயடியில."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பையிலிருந்து பேனாவை எடுத்தாள். சின்னக் கட்டைவிரலால் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த 'நோ'வை அடித்தாள். பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் ஒரு சதுரம், ஒரு வட்டம். நடுவில் இரண்டு கோடு, பதறாமல், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. அவள் பேரைக் கூப்பிட்டார்கள். ஃபைலை அந்தப் பக்கத்திலேயே திறந்து மேஜையில் வைத்தாள்.

புது டாக்டர் கோடுகளைப் பார்த்தார். "அப்பா அம்மா சொந்தமா?"

"ஆமா டாக்டர்" என்று நான் முந்திக்கொண்டேன். "என் தாய்மாமன்."

அவர் தலையாட்டிவிட்டு விளக்கை இழுத்தார். அவள் வாயைத் திறந்தாள். நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தேன்.